ஆற்றுப்படையும் அந்திப் பள்ளியும்



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளைகளைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நியாயமானதே. ஆயினும் இத்தலைப்புக்கு உரிய சொல்லை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சங்க இலக்கியத்திலேயே அது இருக்கிறது. துவண்ட மனத்துக்குத் துணைநின்று வழி சொல்வதை இன்று கல்வித்துறையினரும் மருத்துவத் துறையினரும் 'ஆற்றுப்படுத்துதல்' என்கின்றனர். பாணர்களிடமிருந்து கடன் வாங்கிய சொல் அது.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை ஒன்று மட்டும் அருள் நாடி இறைவனிடம் செலுத்துவது. திருத்தணி இருக்கும் மாவட்டத்தில் அந்நூலைப் பற்றி மிகுதியாகச் சொல்லத் தேவையில்லை. ஏனைய நான்கும் வயிற்றுப் பசிக்கு வழி சொல்பவை. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனைக் கண்டு நின்று பேசுகிறான். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வழி தொண்டை நாட்டு வழி. காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனை நோக்கிச் செல்வது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அந்தத் தொண்டை நாட்டின் பகுதியேயாகும்.

அந்நூலில் வழி சொல்பவன் என்னென்ன சொல்கிறான் என்பதை நினைவுகூர்தல் நன்று. உப்பு வணிகரின் வண்டிகள் எங்கே செல்லும், எயினர் குடியில் என்ன உணவு கிடைக்கும், ஆயர் குடியில் என்ன கிடைக்கும், உழவரும் வலைஞரும் எப்படி வரவேற்பர் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போகிறான். 'முயன்றால் முன்னேறலாம்' என்று பொதுப்படக் கூறி நகர்ந்துவிடவில்லை. அவன் அரசனும் அல்லன், புலவர் பெருமகனும் அல்லன். சில நாள்களுக்கு முன்பு அதே பசியோடு அதே வழியில் நடந்தவன். கேட்பவன் அவன் சொல்லை நம்புவதற்கு அதுவே காரணம்.

இந்தச் சித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய திருவள்ளூருக்கு வரலாம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை அது உறுதி செய்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, முற்றிலும் தடுத்தது. பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களிலிருந்து மட்டும் விலக்கியது. இரண்டு சட்டங்களும் தேவையானவை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் இடைவெளி தெரியும். பதினான்கு வயது நிரம்பிய பிள்ளையைப் பள்ளியில் இருத்தும் கட்டாயமும் இல்லை. எல்லா வேலைகளிலிருந்தும் தடுக்கும் விலக்கும் இல்லை. பிள்ளைகளின் மனம் பள்ளியை விட்டு நகரத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். கடைசி வரிசையில் உடலும் இருக்கும். திங்கள்கிழமை வராமல் போவதில் தொடங்கி, காலாண்டுத் தேர்வுக்குப் பின் அடியோடு நின்றுவிடுவதில் அது முடியும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவருக்குள் பதினைந்து வயதுப் பையனுக்கு இடமில்லை. சுவருக்கு வெளியே தேநீர்க் கடை இருக்கிறது, உணவு விடுதி இருக்கிறது, பழைய இரும்புக் கடை இருக்கிறது, சரக்கு வண்டி இருக்கிறது. கையில் அன்றன்றைக்குக் காசு விழும் இடங்கள் இவை. அவற்றோடு போட்டியிட இயற்கணிதத்தால் இயலாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது எது என்ற கேள்விக்கு, மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று விடை சொல்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டத்தில் வெளியகரம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 2014-இல் ஆங்கில ஆசிரியராக வந்தவர் பகவான். அதுவே அவருக்கு முதற்பணி. 2018 ஜூனில் அவர் திருத்தணி அருகேயுள்ள அருங்குளம் பள்ளிக்கு மாற்றப்பட்டார். விடைபெறச் சென்ற நாளில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர்; இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதனர்; பையைப் பிடித்து இழுத்தனர். ஆசிரியரும் அழுதார். அந்தப் படம் நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தது. பெற்றோரும் திரண்டு நின்றதால் இடமாற்றம் பத்து நாள்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

படத்தைப் பார்த்தவர்கள் நெகிழ்ந்தனர், திரைக்கலைஞர்கள் பாராட்டினர். அந்த நெகிழ்ச்சியோடு செய்தி கடந்து போயிற்று. அவர் அங்கே என்ன செய்தார் என்பதை நின்று பார்த்தவர் குறைவு. அவரே அந்நாளில் செய்தியாளர்களிடம் கூறியவற்றில் அருஞ்செயல் எதுவும் இல்லை. பாடத்துக்கு அப்பாலும் பிள்ளைகளோடு பேசினார், கதை சொன்னார், வீட்டு நிலையைக் கேட்டறிந்தார், எதிர்காலத்தில் என்ன ஆகலாம் என்று எடுத்துச் சொன்னார். படக்காட்சிக் கருவியைக் கொண்டு வகுப்பைத் திரையரங்கு போல ஆக்கினார். அண்ணன் போலப் பழகினார். பல வீடுகளில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, மூன்றாவதாக ஆங்கிலத்தை எதிர்கொள்ளும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு அந்த ஒருவர் தங்களைக் கவனிக்கிறார் என்பது தெரிந்திருந்தது.

இதில் கல்வித்துறையை மட்டும் குறை கூறுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. மாணவர் எண்ணிக்கைக்கு மிகுதியாக ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து குறைவாக உள்ள பள்ளிக்கு மாற்றுவதைப் 'பணி நிரவல்' என்பர். அருங்குளத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கில ஆசிரியர் வேண்டும் அல்லவா? அவர்கள் அழுதிருந்தால் படம் எடுக்க ஆள் இருந்திராது. நிரவலின் கணக்கு சரியான கணக்கே. இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆசிரியர் என்று அதனால் எண்ண முடியும். நான்கு ஆண்டுகளில் ஓர் ஆசிரியருக்கும் கடைசி வரிசைப் பையனுக்கும் இடையே உண்டான பழக்கத்தை எண்ணுவதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அதை யார் எண்ணுவது, எங்கே எழுதுவது என்பது இன்னும் தீராத சிக்கலாகவே இருக்கிறது.

பழைய கதை ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். உ.வே.சாமிநாதையர் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-இல் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. தொடக்கத்தில் பிள்ளையவர்களிடம் நேரே பாடம் கேட்க வாய்க்கவில்லை. மூத்த மாணாக்கரான சவேரிநாத பிள்ளைதான் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியரின் நேரடிக் கவனம் தம்மீது விழ வேண்டுமே என்ற ஏக்கம் இளைஞருக்கு. அப்போது பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் எழுந்து எந்தச் செடி புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். இளைஞர் இதைக் கவனித்தார். ஆசிரியருக்கு முன்பே எழுந்து தோட்டத்தைச் சுற்றிவந்து, தளிர் விட்ட இடங்களைக் கண்டு வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியர் மனம் மகிழ்ந்தது. அந்த அணுக்கத்தால் துணிவு பெற்றுத் தமக்கும் நேரே பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்; பாடமும் தொடங்கிற்று. 'என் சரித்திர'த்தில் இப்பகுதிக்குத் 'தளிர் ஆராய்ச்சி' என்றே தலைப்பு.

அந்த இளைஞருக்குத் தமிழ்ப்பசி இருந்தது. ஆகவே ஆசிரியரின் உள்ளத்துக்குப் போகும் வழியைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டார். அவர்தாம் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றினார். ஆற்றுப்படைகள் இன்று மேசைமீது நூலாக இருப்பதற்குப் பின்னால் மாயவரத்துத் தோட்டத்துக் காலை நேரங்களும் இருக்கின்றன. படிப்பில் மனம் விட்டுப்போன பிள்ளை அவ்வாறு தேடி வராது. அதற்கு யாரையும் மகிழ்விக்க வேண்டும் என்ற எண்ணமே அற்றுப் போயிருக்கும். அங்கே தளிர் பார்க்கும் வேலை பெரியவருடையதாகி விடுகிறது. கணக்கில் சுழியம் வாங்கும் பையன் மிதிவண்டிச் சங்கிலியை இரண்டு நிமிடத்தில் மாட்டுகிறான். வாய் திறவாத பெண் தம்பியின் மருந்து வேளையைத் தவறாமல் நினைவில் வைத்திருக்கிறாள். இவற்றைத் தளிர் என்று கண்டுகொள்ளப் பயிற்சி வேண்டும்.

சவேரிநாத பிள்ளை பாடம் சொன்னார் என்பதையும் விட்டுவிடலாகாது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருவது திண்ணைப் பள்ளியின் இயல்பு. சட்டாம்பிள்ளை என்ற பெயரும் அங்கே பிறந்ததே. (சட்டாம்பிள்ளையின் பிரம்பைப் பற்றிய நினைவுகளும் இந்நாட்டில் ஏராளம், பழையதெல்லாம் பொன் என்று சொல்வதற்கில்லை.) 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான காப்பகம் ஒன்று ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியாரின் பொறுப்பில் வந்தது. அங்கிருந்த ஆசிரியர்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் ஒரு நாள் கண்டார், தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் மறுத்துவிட்டனர். எட்டு வயதுச் சிறுவனாகிய ஜான் ஃப்ரிஸ்கன் என்பவனைக் கொண்டு சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார் பெல். அது பலித்தது. 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலால் அம்முறை 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. பெரும்பாலும் சிக்கனத்துக்காகவே அங்கு அதைக் கைக்கொண்டனர். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவருக்குக் கற்பிக்கலாமே என்ற ஆசை. முறை ஏறிய கப்பலில் திண்ணையின் அணுக்கம் ஏறவில்லை.

இனி மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு வரலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடா, கலஹண்டி முதலிய இடங்களிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. அங்கே ஆவணி, புரட்டாசியில் புத்தரிசிப் பண்டிகையான நுவாக்காய் வருகிறது; கையில் காசு தேவைப்படும் அவ்வேளையில் தரகர் முன்பணம் கொடுத்துவிடுகிறார். அந்த முன்பணத்தைச் செங்கல்லாக அறுத்துக் கழிக்க வேண்டும். கணவனும் மனைவியும் மண் பிசைந்து அறுக்க, பிள்ளை களத்தில் காயும் பச்சைச் செங்கல்லைத் திருப்பிப் போடும். பச்சைக் கல்லின்மேல் பெரியவர் நடந்தால் உடையும். குழந்தை நடந்தால் உடையாது. குழந்தையின் எடைக் குறைவே அங்கே தகுதியாகிவிடுகிறது.

இப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. தொடக்கத்தில் தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து அமர வைத்தால், ஆறு மாதத்தில் தமிழும் வராது, ஊர் திரும்பினால் ஒரியாவும் மறந்திருக்கும். 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒடிசாவிலிருந்து பாடநூல்களையும் ஒரிய மொழி ஆசிரியர்களையும் வரவழைத்துச் சூளையருகே சிறப்புப் பயிற்சி மையங்களை நடத்தின. திருவள்ளூர் மாவட்டம் இம்முயற்சியில் முன்னின்ற ஒன்று. வந்த ஆசிரியர் ஒருவர் தன் மொழியில் 'உன் ஊர் எது?' என்று கேட்டதும் அந்தக் குழந்தையின் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதைக் கவிஞர் அவைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனி மாதத்தில் குடும்பங்கள் மீண்டும் இரயிலேறுகின்றன. அடுத்த பருவத்தில் அதே குடும்பம் அதே சூளைக்கு வரும் என்ற உறுதி இல்லை. சில வேளைகளில் ஆந்திரத்துக்கோ தெலங்கானாவுக்கோ போய்விடும். வெளியகரத்தில் ஆசிரியர் போனார். இங்கே பிள்ளை போய்விடுகிறது. செங்குன்றத்துச் சுற்றுவட்டாரத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் மரவெட்டுக் களங்களிலிருந்தும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி (1976) மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே அலைச்சல் உண்டு. அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் என்ற வேறொரு வாயிலும் அடைத்துக் கிடக்கும். அது தனிப் பேச்சுக்கு உரிய பொருள்.

ஆற்றுப்படைக்கு மிக நெருங்கிய இடமும், அது உடைந்து நிற்கும் இடமும் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கின்றன. இலங்கைத் தமிழர் முகாம் அங்கே பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் வேறு சில அமைப்புகளும் தமிழகத்து முகாம்களில் மாலை நேர வகுப்புகளை நடத்திவந்திருக்கின்றன. அவற்றில் கற்பிப்போர் பலர் முகாமிலேயே வளர்ந்து படித்த இளைஞரும் பெண்களும் ஆவர். பரிசில் பெற்றுத் திரும்பிய பாணன் எதிர்வரும் பாணனிடம் பேசுவது போன்ற ஏற்பாடு இது. எந்தக் கல்லூரியில் எந்தப் படிவம், எந்த அலுவலகத்தில் எந்தச் சான்று, விடுதியில் முகாம் முகவரியைச் சொன்னால் என்ன கேட்பார்கள் என்பவை நடந்தவருக்கே தெரிந்த வழிக்குறிப்புகள்.

ஆனால் பரிசில்? 1991-க்குப் பின் முகாம் மாணவருக்குக் கல்லூரி வாயில் அடைபட்டு, ஆண்டுக்கணக்கான முறையீட்டுக்குப் பின்னரே திறந்தது. பட்டம் பெற்றவருக்கும் குடியுரிமை இன்மையால் அரசுப் பணி இல்லை. தனியார் நிறுவனங்களும் தயங்கின. பொறியியல் படித்தவர் பெயிண்ட் வாளியோடு கட்டடத்தில் தொங்குவது முகாம்களில் காணாத காட்சியன்று. ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைப் பார்க்கிறான். 'அண்ணா படிச்சும் பெயிண்ட் அடிக்கத்தானே போறார்? நான் இப்பவே போறன்' என்று அவன் சொன்னால், மாலை வகுப்பில் எதிரே அமர்ந்திருக்கும் அந்த அண்ணன் என்ன விடை கூறுவான்? வெறுங்கையோடு திரும்பிய பாணன் பாடிய ஆற்றுப்படை எதுவும் பத்துப்பாட்டில் இல்லை. கும்மிடிப்பூண்டியில் அதைத்தான் ஒவ்வொரு மாலையும் சொல்ல வேண்டியிருந்தது. பையனுடைய கேள்வி சோம்பலில் பிறந்ததன்று. சரியாகப் போட்ட கணக்கு. அதற்கு அறிவுரை விடையாகாது. அந்த இளைஞர்கள் அப்படியும் மாலை வகுப்பை விடாமல் நடத்தினர் என்பதை இவ்வவை பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27-இல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாலையில் ஒன்றரை மணி நேரம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தெருவிலேயே வாழும் தன்னார்வலர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். திட்டத்தைப் பற்றிக் கல்வியாளரிடையே இருவேறு கருத்துகள் எழுந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியரின் இடத்தைத் தன்னார்வலர் நிரப்பலாமா என்ற ஐயம் முறையானதே. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். பிள்ளை வராத நாளில் அடுத்த வீட்டுக்குப் போய் 'ஏன் வரல?' என்று கேட்க அந்தப் பெண்ணால் முடிந்தது. அவர் இடமாற்றப் பட்டியலிலும் இல்லை.

பள்ளியை விட்டவர்கள் எல்லாம் தொலைந்தவர்கள் என்று கொள்வதும் தவறு. இந்தத் திருத்தணி தமிழகத்தோடு சேரப் போராடிய ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அச்சுக்கோப்பவராக ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தமிழ் கற்றவர். அவருக்கு அச்சகம் பள்ளியாக அமைந்தது. தொழிற்பேட்டைத் தேநீர்க் கடையில் குவளை கழுவும் பையனுக்கு அப்படி எது அமையும்?

கவிஞர்களிடம் கேட்கக்கூடியது சிறிது. ஆண்டு விழாவுக்குப் போய்ச் சால்வை பெற்று, 'கனவு காணுங்கள்' என்று முழங்கிவிட்டு வண்டி ஏறுவதைச் சிறிது காலம் நிறுத்திவைக்கலாம். பரிசுப் போட்டிகளையும் நிறுத்தலாம்; அவற்றில் எப்போதும் முன்வரிசைப் பிள்ளைகளே வெல்கின்றனர். வாரத்தில் ஒரு மாலை, அதே கிழமை, அதே நேரம், பெற்றோர் அறிய, நாலு பேர் பார்க்கும் திறந்த திண்ணையில் அமர்வது போதும். முதல் சில வாரங்களில் ஒன்றும் நடவாது. பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பர். இவரும் போய்விடுவாரா என்பதே அவர்களுடைய சோதனை. ஒரு வரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதன்று. இரண்டாம் மாதத்தில் நுழைந்துவிட்டு மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவதாயின் போகாமலே இருப்பது நல்லது. பிள்ளைகள் ஏற்கெனவே பலரை இழந்திருக்கிறார்கள்.

சொல்லித்தர முதலில் பாடம் தேவையில்லை. பலாங்கீரிலிருந்து வந்த பெண் குழந்தைக்குத் தன் பாட்டி போட்ட விடுகதை நினைவிருக்கும். அதை அவள் சொல்ல, பக்கத்திலிருப்பவர் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளலாம். தவறாக உச்சரித்தால் அவள் திருத்துவாள். அன்றைக்கு அவள் ஆசிரியை. எழுபது வயதுக் கவிஞர் மாணாக்கர். எழும்பூரில் மணலில் எழுதிய எட்டு வயதுச் சிறுவன் அடைந்த பெருமிதத்தில் ஒரு பங்கு அவளுக்கும் கிடைக்கும்.

சூளைகளில் தையிலும் மாசியிலும் வேலை மும்முரமாக நடக்கும். பொழுது சாய்ந்து களத்தில் புழுதி அடங்கிய பிறகே பிள்ளைகளுக்கு ஓய்வு. வட்டத்தின் மாதக் கூட்டமும் அதே அந்திப் பொழுதில்தான் கூடுகிறது. பதினோராம் ஆண்டில் கூட்டங்களில் சிலவற்றைச் சூளையருகேயுள்ள திண்ணைகளிலும் முகாமின் மாலை வகுப்பிலும் வைத்துக்கொள்வது பற்றி உறுப்பினர்கள் இன்றைக்கே பேசி முடிவு செய்யலாம். ஆனி பிறந்துவிட்டால் சூளைப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.